ஊராட்சிக்குச் சொந்தமான சோலார்: நெட் மீட்டரிங் முழு வழிகாட்டி

மதுரை மாவட்டத்தில் 420 கிராம ஊராட்சிகள், 9 பேரூராட்சிகள், 3 நகராட்சிகள், 100 வார்டு கொண்ட ஒரு மாநகராட்சி இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான தலைவலி கரண்ட் பில். தெருவிளக்கு எரிய வேண்டும், குடிநீர் மோட்டார் ஓட வேண்டும். வரி வசூல் ஆனாலும் ஆகாவிட்டாலும் இரண்டையும் நிறுத்த முடியாது. அதனால் சோலார் பற்றிய பேச்சு ஊராட்சிக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. எழும் பேச்சு பேனல் விலையில் தொடங்கி மானியத்தில் முடிந்துவிடும். எந்த மின் இணைப்பில் போடப் போகிறோம், அந்த இணைப்பு பகலில் எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. லாபமும் நட்டமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஊராட்சி செயலர், ஒன்றியப் பொறியாளர், வார்டு உறுப்பினர், கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வீட்டு மாடிக்கு மானியம் தேடுபவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது.

மூன்று கணக்கு முறைகள்

பேனல் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை மின்வாரியம் எப்படிக் கணக்கில் வைக்கிறது என்பதில் மூன்று வழிகள் உண்டு.

நெட் மீட்டரிங்கில் யூனிட்டுக்கு யூனிட் கழியும். பகலில் 40 யூனிட் வாரியத்துக்குப் போய், இரவில் 50 யூனிட் உள்ளே வந்தால் 10 யூனிட்டுக்குத்தான் பில். கம்பியில் போன யூனிட்டும் வந்த யூனிட்டும் ஒரே மதிப்பு.

நெட் பில்லிங் அல்லது நெட் ஃபீட்-இன் என்று சொல்லப்படும் முறையில் உற்பத்தி ஆகும் நேரத்திலேயே நீங்கள் பயன்படுத்தியது மட்டும் முழு மதிப்பு பெறும். மிஞ்சி வெளியே போன யூனிட்டுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலைதான் கிடைக்கும். அது நீங்கள் வாங்கும் விலையைவிட மிகவும் குறைவு. தமிழ்நாட்டில் 2019-இல் இந்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசாக இருந்தது.

மூன்றாவது கிராஸ் மீட்டரிங். உற்பத்தி முழுவதையும் வாரியத்துக்கு விற்றுவிட்டு, உங்கள் தேவையை வழக்கம்போல் வாங்கிக்கொள்வது. சின்ன ஊராட்சிக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது.

நம் மாநிலத்தில் இந்த விதிகள் ஒரே இடத்தில் நின்றதில்லை. 2013-இல் நெட் மீட்டரிங் வந்தது. 2019 மார்ச்சில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை நெட் ஃபீட்-இன் ஆக மாற்றியது. 2021-இல் புதிய விதிமுறைகள் வந்தபோது வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பக் கிடைத்தது. இதற்கு நடுவே மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2021 ஜூனில் ஒரு திருத்தம் செய்தது. அதன்படி 500 கிலோவாட் அல்லது அனுமதிக்கப்பட்ட மின்பளு (அந்த இணைப்பில் இழுக்க வாரியம் அனுமதித்த கிலோவாட்), இரண்டில் எது குறைவோ அதுவரை நெட் மீட்டரிங் தரலாம்.

உள்ளாட்சி இணைப்புகள் வீட்டு இணைப்புகள் அல்ல. தெருவிளக்கும் பொதுக் குடிநீரும் தாழ்வழுத்த வீதப்பட்டியலில் 2-ஏ பிரிவில் வருகின்றன. அரசுப் பள்ளிக்கு வேறு பிரிவு, கடைகளுக்கு வேறு பிரிவு. உங்கள் இணைப்பின் பிரிவுக்கு இன்றைய தேதியில் எந்தக் கணக்கு முறை, ஏற்றுமதி யூனிட்டுக்கு என்ன விலை, நெட்வொர்க் கட்டணம் (வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) உண்டா என்ற மூன்றையும் பிரிவு அலுவலகத்தில் கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். பேனல் விற்பவர் வாயால் சொல்வதை வைத்துத் தீர்மானம் போட வேண்டாம். நெட்வொர்க் கட்டணம் சிறு தொழிற்சாலைக்காரர்களைப் படுத்திய பாடு மாநிலம் முழுக்கத் தெரிந்ததுதான்.

படி 1: பில்களை ஒரே நோட்டில் இறக்குங்கள்

ஊராட்சியின் பெயரில் உள்ள எல்லா மின் இணைப்புகளையும் பட்டியலிடுங்கள். மதுரை மண்டலத்து சர்வீஸ் நம்பர் 05 என்று தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இடம், வீதப்பட்டியல், அனுமதிக்கப்பட்ட மின்பளு, ஒருமுனையா மும்முனையா, கடந்த 12 மாத யூனிட், பில்லில் உள்ள பெயர், தினமும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடுகிறது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன விவரம் எந்த ரெக்கார்டிலும் இருக்காது. தொட்டி ஆபரேட்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த வேலை செய்யும்போதே சில ஊராட்சிகளுக்குச் சோலார் போடாமலே பணம் மிச்சமாகும். வறண்டுபோய் மூடிய போர்வெல்லின் இணைப்பு உயிரோடு இருந்து நிலைக்கட்டணம் போய்க்கொண்டிருக்கும். இடித்த கட்டடத்தின் மீட்டர் பக்கத்துச் சுவரில் தொங்கும். அவற்றை முதலில் துண்டிக்க மனு கொடுங்கள்.

பில்லில் உள்ள பெயரையும் கவனியுங்கள். பழைய தலைவரின் சொந்தப் பெயரில் இருக்கும் இணைப்பில் சோலாருக்கு விண்ணப்பித்தால் பெயர் மாற்றத்திலேயே மாதங்கள் போகும்.

படி 2: எந்த இணைப்பு என்று முடிவு செய்யுங்கள்

சோலாரின் கொள்ளளவு அந்த இணைப்பின் மின்பளுவைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு விதியே பாதிக் கனவுகளைக் கலைத்துவிடும்.

மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தின் மின்பளு 2 கிலோவாட். இரண்டு கம்ப்யூட்டர், நாலு மின்விசிறி, ஒரு பிரிண்டர். மாதம் 150 யூனிட் போகிறது. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் மாதம் 240 யூனிட். 90 யூனிட் மிஞ்சும், மிஞ்சியது பக்கத்துத் தெருவிளக்குக்குப் போகாது. கூரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 2 கிலோவாட்டோடு சரி.

தெருவிளக்கு இணைப்பு ஒன்றில் 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் 150 இருக்கின்றன. மொத்தம் 3 கிலோவாட். இரவு பதினொன்றரை மணி நேரம் எரிந்தால் 34 யூனிட். இதில் 3 கிலோவாட் சோலார்தான் போட முடியும். அது பகலில் 12 யூனிட் தரும். தெருவிளக்கு பகலில் எரியாது, எனவே 12 யூனிட்டும் அப்படியே வெளியே போகும். நெட் மீட்டரிங் இருந்தால் இரவுக் கணக்கில் கழியும். நெட் பில்லிங் என்றால் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, இரவில் முழு விலைக்கு வாங்க வேண்டும்.

அடுத்தது குடிநீர் மோட்டார். 15 ஹெச்.பி. மோட்டார் ஒன்று, மின்பளு சுமார் 11 கிலோவாட். 10 கிலோவாட் சோலார் போடலாம். மாதம் 1,200 யூனிட் உற்பத்தி. மோட்டார் நாளைக்கு 5 மணி நேரம் ஓடி 60 யூனிட், அதாவது மாதம் 1,800 யூனிட் இழுக்கிறது. உற்பத்தியை முழுதாக விழுங்கும் இணைப்பு இது.

இப்போது பணம். கணக்குக்காக வாங்கும் யூனிட் 8 ரூபாய், விற்கும் யூனிட் 3 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நெட் மீட்டரிங் கிடைத்தால் மாதம் 1,200 யூனிட்டும் 8 ரூபாய் மதிப்பில் கழியும்: 9,600 ரூபாய்.

நெட் பில்லிங்தான், ஆனால் மோட்டார் காலை 10 முதல் மதியம் 3 வரை ஓடுகிறது என்றால் உற்பத்தியில் 900 யூனிட் போல நேரடியாக மோட்டாருக்கே போகும். மிச்சம் 300 வெளியே. 7,200-உம் 900-உம் சேர்த்து 8,100 ரூபாய்.

அதே நெட் பில்லிங், மோட்டாரை விடியற்காலை 5 மணிக்கும் மாலை 6 மணிக்கும் போடுகிறார்கள் என்றால் ஏறத்தாழ எல்லா யூனிட்டும் வெளியே போய்விடும். 3,600 ரூபாய்தான் மிச்சம்.

பேனல் அதே பேனல், செலவு அதே செலவு. கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்தால் 10 கிலோவாட்டுக்கு 5 லட்சம். முதல் வழியில் அது நாலே கால் ஆண்டில் திரும்பும், இரண்டாவதில் ஐந்து ஆண்டில், மூன்றாவதில் பதினொன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஐந்து ஆண்டா, பதினொன்றா என்பதைத் தீர்மானிப்பவர் மோட்டார் சுவிட்சைப் போடும் ஆபரேட்டர். அவரைத் திட்டக் கூட்டத்துக்குக் கூப்பிட்ட ஊராட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"காலையில் தண்ணி விடலைன்னா ஊரே திரண்டு வந்துரும்" என்று அவர் சொல்வார். நியாயம்தான். ஆனால் தண்ணீர் விடுவது வேறு, தொட்டி நிரப்புவது வேறு. 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை மதியத்துக்குள் நிரப்பி வைத்து மறுநாள் காலையில் வால்வைத் திறக்கலாம். தொட்டி சிறிதாக இருந்து ஒருநாள் தண்ணீருக்கு இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தால், ஒரு தடவையையாவது பகலுக்கு மாற்றலாம். போர்வெல்லில் ஊற்று மெதுவாக ஊறும் இடத்தில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் இழுக்க முடியாது. அங்கே பகலிலேயே இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும்.

படி 3: மும்முனை கரண்ட் எப்போது வருகிறது?

இதைக் கேட்காமல் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்கள் உண்டு. சோலார் இன்வெர்ட்டர், அதாவது பேனலின் டி.சி. மின்சாரத்தை வாரியக் கம்பிக்கு ஏற்ற ஏ.சி. ஆக மாற்றும் பெட்டி, வாரியத்தின் கரண்ட் இருக்கும்போதுதான் வேலை செய்யும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடு அது. ஆகவே பேட்டரி இல்லாத சோலார், மின்வெட்டு நேரத்தில் உதவாது. திறப்பு விழாவில் இதைச் சொல்லிவிடுங்கள்.

கிராமத்துப் பக்கம் இன்னொரு சிக்கல். சில ஃபீடர்களில் (துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் மின்பாதைகளில்) மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான் வரும், மற்ற நேரம் ஒரு முனை குறையும். மும்முனை இன்வெர்ட்டர் ஒரு முனை இல்லாததைக் கண்டதும் நின்றுவிடும். பகல் வெயிலில் இப்படி இரண்டு மணி நேரம் நின்றால் நாளைக்கு 4 யூனிட் என்ற கணக்கே ஆட்டம் கண்டுவிடும். உங்கள் ஊர் ஃபீடர் எப்படி என்று லைன்மேனிடம் கேட்டு, ஒரு வாரத்துக்கு நேரம் குறித்துப் பாருங்கள். கூடவே டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவையும் அதில் ஏற்கெனவே சோலார் போட்டவர்கள் உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

படி 4: இடம்

சோலார் இணைப்பு இருக்கும் வளாகத்திலேயே பேனலும் இருக்க வேண்டும். உள்ளாட்சிகளுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. அகலமான மொட்டை மாடி அலுவலகத்திலும் சமுதாயக்கூடத்திலும் இருக்கும்; கரண்டை இழுக்கும் மோட்டாரோ கண்மாய்க் கரைப் பக்கம் எட்டுக்கு எட்டு அறையில் கிடக்கும்.

10 கிலோவாட்டுக்குச் சுமார் 1,000 சதுர அடி வேண்டும். மோட்டார் அறை வளாகத்தில் அவ்வளவு காலியிடம் இருந்தால் தரையில் சட்டம் அடித்து நிறுத்தலாம். பட்டாவும் சர்வே எண்ணும் யார் பெயரில் இருக்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கண்மாய், ஊருணி, ஓடை போன்ற நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள். நீதிமன்றம் இதில் கறாராக இருக்கிறது.

நிழல் விஷயத்தில் பொறியாளரோடு நின்று பாருங்கள். மதுரை இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வடக்கில். சித்திரை பிறக்கும்போது உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அங்கிருந்து ஆவணி வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். மேல்நிலைத் தொட்டிக்கு வடக்கே பேனல் வைத்தால் குளிர்காலத்தில் தொட்டியின் நிழல் விழும். தெற்கே, சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. காலையும் மாலையும் நீளும் கிழக்கு மேற்கு நிழலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் வேப்பமரக் கிளை நிழல்கூட அந்த வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துக் கீழே கொண்டுவரும். பேனல் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வில் இருந்தால் போதும். அந்தச் சாய்வு இருந்தால்தான் மழையில் தூசி கழுவிக்கொண்டு போகும்.

வெயில் ஏற ஏறக் கரண்டும் ஏறும் என்று நினைக்க வேண்டாம். பேனலின் திறனை 25 டிகிரி சூட்டில்தான் அளந்து போடுகிறார்கள். சித்திரை மதியத்தில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் என்ற கணக்கில் 14 சதவீதம் குறையும். காற்று அடியில் புகுந்து போகும்படி தரையிலிருந்து தூக்கிப் போடச் சொல்வது இதற்குத்தான்.

ஒரே ஊராட்சி, பல இணைப்புகள்: கூட்டுக் கணக்கு

அலுவலக மாடியில் உற்பத்தி, மோட்டார் பில்லில் கழிவு என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இதற்கு குரூப் நெட் மீட்டரிங் என்று பெயர். ஒரே நுகர்வோரின் பல இணைப்புகளில் உபரியைப் பங்கிடுவது. பல நுகர்வோர் ஒரு சோலாரைப் பகிர்ந்தால் வெர்ச்சுவல் நெட் மீட்டரிங். டெல்லியின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் இரண்டுக்கும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதில் அரசு, உள்ளாட்சி அலுவலகங்களுக்கும் இடம் உண்டு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ளாட்சிகளுக்கென்றே 2008-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு நகராட்சி ஓரிடத்தில் 5 மெகாவாட் வரை சோலார் அமைத்து, தன் எல்லைக்குள் இருக்கும் 50 மின் கணக்குகள் வரை அதன் பலனைப் பங்கிடலாம். கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் கழிவது மின் உற்பத்தி விலை மட்டும்தான். கம்பிக்கான கட்டணம் கழியாது. 12 மாதத்தில் பயன்படுத்தாத தொகை பணமாகத் திரும்பாது, காலாவதி ஆகிவிடும். அங்கேயும் அளவாகப் போடுபவர்தான் பிழைக்கிறார்.

நம் ஊரில் பெரிய உள்ளாட்சிகளுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. 2022 ஜூனில் வந்த பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகள், வெளியிலிருந்து சோலார் மின்சாரம் கொண்டுவருவதற்கான குறைந்தபட்ச அளவை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டுக்கு இறக்கின. பிறகு வந்த திருத்தம், ஒரே மின் கோட்டத்துக்குள் உள்ள பல இணைப்புகளின் பளுவைக் கூட்டி 100 கிலோவாட் வந்தாலும் போதும் என்றது. மதுரை மாநகராட்சியின் அவனியாபுரம், சக்கிமங்கலம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் போன்றவை பகலிரவு ஓடுபவை. இந்த வழியை ஆராய வேண்டியது மாநகராட்சிதான். கிராம ஊராட்சி தனியாக இதில் இறங்குவது கடினம், ஒன்றியமாகச் சேர்ந்தால் யோசிக்கலாம்.

தனியாகவே செய்து காட்டிய ஊராட்சியும் உண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை 2006-இல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் வாங்கியது, பெரும்பகுதி வங்கிக் கடன். அது நெட் மீட்டரிங் இல்லை; உற்பத்தி ஓரிடம், பயன்பாடு வேறிடம். கணக்குத் தெளிவாக இருந்ததால் கடன் அடைந்தது, உபரி மின்சாரமும் வாரியத்துக்கு விற்பனை ஆனது.

படி 5: தீர்மானமும் பணமும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபை நாட்களில் ஒன்றில் இதைப் பொருளாக வையுங்கள். மதுரை மாவட்டக் கிராம ஊராட்சிகளில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர்தான் தீர்மானத்துக்குப் பொறுப்பு. தீர்மானத்தில் சர்வீஸ் நம்பர், கிலோவாட், மதிப்பீடு, நிதி எங்கிருந்து, பராமரிப்பு யார் என்பதெல்லாம் இருக்கட்டும். "சோலார் அமைக்க மன்றம் அனுமதிக்கிறது" என்ற ஒற்றை வரியைத் தணிக்கையில் கேள்வி கேட்பார்கள்.

பணத்துக்கு வழிகள் சில. பொது நிதி, மத்திய நிதிக்குழு மானியத்தில் நிபந்தனையற்ற பகுதி, சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஊராட்சிக் கட்டடத்துக்கு அந்த மானியத்தைத் தராது. ஆனால் அதில் உள்ளாட்சிக்கு இரண்டு வரவு உண்டு: உங்கள் எல்லைக்குள் ஒரு வீட்டு மாடியில் சோலார் ஏறினால் ஊராட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமம் தேர்வாகி 1 கோடி ரூபாய் பெறலாம். 5,000 பேருக்கு மேல் உள்ள ஊர்கள் இந்தப் போட்டிக்கு வரலாம்.

மிச்சமாகும் பணம் எங்கே போகும் என்பதையும் முன்னரே யோசியுங்கள். ஊராட்சியில் மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டத் தனியாக இரண்டாம் எண் கணக்கு இருக்கிறது. சேமிப்பு அந்தக் கணக்கில் தெரியும். சோலாருக்குச் செலவழித்த பொது நிதியில் தெரியாது. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளாவிட்டால், சோலார் போட்டதால் நிதி குறைந்தது என்று யாராவது சொல்லக்கூடும்.

முதலீடே இல்லாமல் ஒரு நிறுவனம் தன் செலவில் போட்டு, யூனிட்டுக்கு ஒரு விலை வைத்து 25 ஆண்டுக்கு விற்கும் ஏற்பாடும் உண்டு. பணமில்லாத ஊராட்சிக்குக் கவர்ச்சியாகத் தெரியும். விலை ஆண்டுதோறும் ஏறுமா, மோட்டார் பழுதாகி மின்சாரம் எடுக்காத மாதத்துக்கும் பணம் கட்ட வேண்டுமா, கட்டடத்தை இடிக்க நேர்ந்தால் யார் செலவு என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்னைக் கேட்டால் 10, 15 கிலோவாட்டுக்கு இந்த வழி வேண்டாம்.

படி 6: விண்ணப்பம்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். கையில் வைத்திருக்க வேண்டியவை: தீர்மான நகல், கடைசி பில், இட உரிமைச் சான்று, ஒற்றைக் கோட்டு மின்வரைபடம், பேனல் இன்வெர்ட்டர் விவரத்தாள். பில் பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய விதிகளில் வந்த திருத்தம் கால வரம்புகளைச் சுருக்கியது. 10 கிலோவாட் வரையிலான மாடி சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. முறையான விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அதற்கு மேல் என்றால் 15 நாளில் ஆய்வு முடிய வேண்டும், முடியாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளலாம். 5 கிலோவாட் வரை டிரான்ஸ்ஃபார்மர் பலப்படுத்தும் செலவு வாரியத்துடையது. இந்தத் தேதிகளைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிரிவு அலுவலகம் போங்கள். சண்டை போடத் தேவையில்லை, தேதியைக் காட்டினாலே பேச்சு மாறும்.

நம் கணக்கில் வந்த 15 ஹெச்.பி. மோட்டாருக்கு 10 கிலோவாட்டில் நிறுத்தியது இந்த வரம்பையும் மனதில் வைத்துத்தான்.

படி 7: டெண்டரும் பொருளும்

1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான் வாங்க வேண்டும், இதில் மாற்றமில்லை. பேனல் மாடல் மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெட் மீட்டர் கட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிதாக எழுதுவார்கள். முதலில் பழுதாவது இன்வெர்ட்டர். அதற்கு எத்தனை ஆண்டு, பழுதானால் எத்தனை நாளில் மாற்று, சர்வீஸ் ஆள் மதுரையில் இருக்கிறாரா என்பதை நிபந்தனையில் சேருங்கள்.

பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவையாக இருக்கட்டும். வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு சில மழைக்காலத்தோடு துருப்பிடிக்கும். எர்த் குழி மூன்று வேண்டும்: டி.சி. பக்கம் ஒன்று, ஏ.சி. பக்கம் ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. இடிதாங்கியை மற்றதோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போவார்கள், நின்று பாருங்கள். அழகர்கோவில் அடிவாரத்திலும் திருப்பரங்குன்றம் பக்கத்திலும் வேலை என்றால் ஒயர் எதுவும் வெளியே தொங்காமல் குழாய்க்குள் போகட்டும். குரங்கு இழுத்தால் உத்தரவாதம் பேசாது.

படி 8: ஒப்பந்தம்

வாரியத்தோடு போடும் ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை அழுத்திப் படியுங்கள். கணக்கு ஆண்டு எந்த மாதம் முடிகிறது? அன்று மிச்சமிருக்கும் யூனிட்டுக்குப் பணமா, அடுத்த ஆண்டுக்குப் போகுமா, ஒன்றுமில்லாமல் போகுமா? விதி மாறினால் உங்களுக்குப் பழைய விதியா புதிய விதியா? மீட்டர் பழுதான காலத்துக்குக் கணக்கு எப்படி? 2019-இலும் 2021-இலும் விதி மாறிய மாநிலத்தில் மூன்றாவது கேள்வி சும்மா கேட்பதில்லை.

படி 9: ஓடத் தொடங்கிய பின்

இருவழி மீட்டர் பொருத்தும் அன்று ஆரம்ப ரீடிங் இரண்டையும், உள்ளே வந்தது, வெளியே போனது, தேதியோடு போட்டோ எடுங்கள். உற்பத்தி மீட்டரின் ரீடிங்கையும் சேர்த்து எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் மூன்று எண்களையும் நோட்டில் ஏற்றுவது தொட்டி ஆபரேட்டரின் வேலையாக இருக்கட்டும். 10 கிலோவாட்டில் மாதம் 1,200-க்குப் பதில் 800 யூனிட்தான் வருகிறது என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: தூசி, நிழல், அல்லது முனை இல்லாமல் இன்வெர்ட்டர் நிற்பது.

கிரஷர் இருக்கும் பகுதிகளில் பத்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும், மற்ற இடங்களில் மாதம் இரண்டு முறை போதும். விடிந்ததும் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும். உப்புப் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறை படியும், எனவே கழுவியதும் ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள்.

முதல் இரண்டு பில்கள் தப்பாக வரலாம். வெளியே போன யூனிட் கணக்கில் ஏறாமல் பழைய மாதிரியே பில் போடுவது நடக்கிறது. உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சரியாகவில்லை என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின்குறை தீர்ப்பாளர். ஊராட்சியும் ஒரு நுகர்வோர்தான், அங்கே போக முழு உரிமை உண்டு. மனுவோடு ஆரம்ப ரீடிங் போட்டோ, மாதாந்திர நோட்டின் நகல், ஒப்பந்த நகல் மூன்றையும் இணையுங்கள்.